பாப்பா அழுதால் எரியும் விளக்கு

மகனே,

போன வார ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு நீ என்னிடம் சொன்ன விஷயத்தை அம்மாவிடம் சொல்லிவிட்டேனா என்று தினமும் கேட்கிறாய். காலையில் ஒரு மெசேஜ், மதியம் டீ நேரத்தில் ஒரு மெசேஜ். பார்த்துவிட்டும் நான் பதில் போடாததில் உனக்குக் கோபம் வந்திருக்கும். போனில் பேசலாம்தான். ஆனால் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ நாலு வார்த்தை பேசிவிடுவாய், பிறகு சூப்பர்வைசர் கூப்பிடுகிறார் என்று வைத்தும்விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். நிதானமாகப் படி. எனக்கு அலுத்துவிட்டதப்பா. யாரிடம் எதை எப்படிச் சொல்வது என்று யோசித்து யோசித்தே என் ஆயுசில் பாதி போய்விட்டது. இதையாவது யோசிக்காமல் எழுதிவிடுகிறேன்.

நீ சொன்னது இதுதான். "பாப்பாவ குடியாத்தத்துல ரேவதி அம்மா வீட்லயே வுட்டுடலாம்ப்பா. அம்மாவுக்குக் காது கேக்காது, பகல்ல தனியா எப்படிப் பார்த்துக்கும்? ரேவதி பயப்படுறா. நீங்களே அம்மாகிட்ட பக்குவமா சொல்லிடுங்க. ஆம்பூர்ல வெயில் ஜாஸ்தி, தண்ணி சரியில்ல, அப்படி ஏதாவது சொல்லுங்க." குழந்தைக்கு இப்போதுதான் கழுத்து நின்று, குப்புற விழ ஆரம்பித்திருக்கிறது. உன் மனைவி ரேவதிக்கு ஷூ கம்பெனியில் கொடுத்த லீவு முடிய ஒரு வாரம்தான் இருந்தது. அடுத்த வாரத் திங்கட்கிழமை கம்பெனி பஸ் தெருமுனைக்கு வந்து ஹார்ன் அடிக்கும். அதற்குள் குழந்தை யாரிடம் இருக்கப்போகிறது என்று முடிவாக வேண்டியிருந்தது. அந்த முடிவை நீ சென்னையில் இருந்துகொண்டு எடுத்தாய். அதை இங்கே கொண்டுபோய்க் கொடுக்கிற தபால்காரன் வேலையை எனக்குக் கொடுத்தாய்.

ரேவதியை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். அவள் பயம் நியாயமான பயம். நீ ஒன்றாவது போகும்போது வந்த காய்ச்சலில் உன் அம்மாவுக்குக் காது போனது. அதற்கு முன்னால் உன்னைக் குழந்தையாக வளர்த்தபோது அவளுக்கு நன்றாகக் கேட்கும். பக்கத்து வீட்டில் நீ சிணுங்கினாலும் இங்கிருந்து எழுந்து ஓடுவாள். காது கேட்காமல் ஒரு கைக்குழந்தையை அவள் இதுவரை பார்த்துக்கொண்டதில்லை. தூளியில் கிடக்கிற பிள்ளை வீறிட்டு அழ, அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு இவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தால் என்ன ஆகும் என்று பெற்றவள் நினைக்காமல் இருப்பாளா? ஆனால் குடியாத்தத்து வீட்டைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். உன் மாமனார் வீட்டுக் கூடத்தை ஒட்டியே லுங்கி பவர்லூம் ஓடுகிறது. சம்பந்தம் பேசப் போன அன்றைக்கு நான் கேட்டது எதற்குமே உன் மாமனார் சரியான பதில் சொல்லவில்லை. தறியை நிறுத்திய பிறகுதான் இன்னொரு தடவை எல்லாவற்றையும் முதலிலிருந்து பேசினோம். தறி ஓடும்போது அந்த வீட்டில் இருக்கிற எல்லாருமே உன் அம்மா மாதிரிதான். இதை அப்போதே உன்னிடம் சொல்லியிருக்கலாம். சம்பந்தி வீட்டைப் பற்றிப் பேச வேண்டாமே என்று விட்டுவிட்டேன்.

இப்படி விட்டுவிடுவதும் மழுப்புவதும்தான் எனக்குக் கை வந்த வேலை. உன் அம்மா வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வாள் என்றாலும், வெளி ஆட்கள் வேகமாகப் பேசினால் என் முகத்தைத்தான் பார்ப்பாள். அவர்கள் சொன்னதை நான் மெதுவாக வாயசைத்து, கையைக் காட்டிச் சொல்ல வேண்டும். சொல்லும்போதே கரடுமுரடானதையெல்லாம் தட்டிவிடுவேன். இந்தப் பையன் உருப்படமாட்டான் என்று உன் கணக்கு வாத்தியார் சொன்னதை, கொஞ்சம் குறும்பாம் என்று சொன்னேன். உன் கல்யாணப் பந்தியில் ரேவதியின் மாமா ஒருவர், மாமியாருக்குக் காது கேட்காதா, நல்லதாகப் போயிற்று, சண்டைக்கே வழியில்லை என்று சொல்ல, இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று உன் அம்மா கண்ணால் கேட்டாள். உன் புடவை நன்றாக இருக்கிறதாம் என்றேன். அவளும் தலையைக் குனிந்து சாப்பிட்டாள். அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். நீயும் இதையெல்லாம் பார்த்துத்தானே வளர்ந்தாய்? அதனால்தான் வெயில் ஜாஸ்தி என்று சொல்லச் சொல்ல உனக்குத் தோன்றியிருக்கிறது.

ரேவதி பயப்படுகிறாள் என்று தெரிந்ததுமே, நீ போன் பண்ணுவதற்கு முன்னாலேயே, நான் ஒரு வழி யோசித்திருந்தேன். டேனரியில் தோல் பதனிடும் டிரம்மை ஓட்டும் மோட்டார்களின் பேனல்களைப் பார்த்துக்கொண்டே ரிட்டயர் ஆனவன் வேறு எதை யோசிப்பான்? பேனல் என்றால் விளக்குதான். பச்சை எரிந்தால் ஓடுகிறது, சிவப்பு எரிந்தால் நின்றுவிட்டது. அதுபோலக் குழந்தை அழுதால் எரிகிற மாதிரி ஒரு விளக்கு வைத்துவிட்டால் போயிற்று. பஸ் பிடித்து வேலூர் போய் லாங் பஜார் பக்கத்தில் ஒரு கடையில் சாமான் வாங்கினேன். கடைக்காரர் தெரிந்த பாய். "இன்னாத்துக்குண்ணே இவ்ளோ பேஜாரு? ரெடிமேடா ஆன்லைன்ல வருதே" என்றார். வரட்டும் என்றேன். என் வீட்டுக்கு நான் செய்ய வேண்டும் என்று ஒரு வீம்பு.

பெரிய வேலை ஒன்றும் இல்லை. சட்டைப் பொத்தான் அளவில் ஒரு மைக், அதில் வருகிற சத்தத்தைப் பெரிதாக்க ஒரு சின்ன போர்டு, ஒரு டிரான்சிஸ்டர், ஒரு சிவப்பு எல்.இ.டி. மைக்கைத் தூளிக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டி, ஒயரை இழுத்து, அடுப்படிக் கதவு நிலைக்கு மேலே விளக்கை வைத்தேன். பாப்பா அழுதாள், எரிந்தது. ரேவதி கை தட்டினாள். அன்று மதியம் வரைக்கும் நான்தான் ஊரிலேயே பெரிய எஞ்சினியர்.

மதியத்துக்குமேல் தொல்லை ஆரம்பித்தது. ஷேர் ஆட்டோ ஹார்ன் அடித்தால் மினுக். குக்கர் விசில் அடித்தால் மினுக். பாத்திரம் விழுந்தால், கதவு சாத்தினால், பால்காரர் கூப்பிட்டால், பள்ளிவாசலில் பாங்கு சொன்னால், எல்லாவற்றுக்கும் மினுக் மினுக். ஒவ்வொரு மினுக்கலுக்கும் உன் அம்மா கையில் இருப்பதைப் போட்டுவிட்டுத் தூளியிடம் ஓடினாள். துணியை விலக்கிப் பார்ப்பாள், பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும். இரண்டு நாளில் அவள் கண்ணுக்குக் கீழே கருத்துவிட்டது. அவள் ஓடுவதைப் பார்க்கப் பார்க்க ரேவதிக்குப் பயம் கூடிற்று. அவள் உன்னிடம் சொன்னாள். நீ ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவுக்கு உன் வாய் தெரியாதபடி முகத்தைத் திருப்பினாய்.

அதற்குப் பிறகு நான் உன் சேதியை அம்மாவிடம் சொல்லாமல் சாலிடரிங் அயர்னை எடுத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன். விளக்கைச் சரி செய்துவிட்டால் ரேவதியின் பயம் போய்விடும், அந்தப் பேச்சையே எடுக்க வேண்டியிருக்காது என்று கணக்குப் போட்டேன். உனக்கு இந்த வேலையில் ஆர்வம் வந்ததே இல்லை, இருந்தாலும் சொல்கிறேன், கேள். ஹார்ன் ஒரு வெட்டு வெட்டிவிட்டு நின்றுவிடும். குழந்தை அழுகை நிற்காது. மூச்சு வாங்கி வாங்கித் தொடரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நேரம்தான். சத்தம் கொஞ்சம் நீடித்தால் மட்டும் விளக்கு எரிய வேண்டும். நடுவில் பிள்ளை மூச்சு வாங்கினால் அணையவும் கூடாது. இதற்கு ஒரு கெபாசிட்டர் போதும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதை நினைத்துக்கொள். ஒரு சொம்பு ஊற்றினால் ஒழுகிப்போய்விடும். விடாமல் ஊற்றினால் குடம் நிறையும். பாங்கு நீளம்தான், ஆனால் தூரத்துச் சத்தம், மெல்லிய தாரையாக விழுந்து அப்படியே ஒழுகிவிடும். ஊற்றுவதை நிறுத்தினாலும் உடனே காலியாகாது. குடம்தான் கெபாசிட்டர். தண்ணீர் எவ்வளவு வேகமாக வர வேண்டும் என்பதற்கு ஒரு ரெசிஸ்டர், எவ்வளவு வேகமாக ஒழுக வேண்டும் என்பதற்கு இன்னொரு ரெசிஸ்டர், வந்த வழியே திரும்பிப் போகாமலிருக்க ஒரு டயோடு. கேட்க இவ்வளவுதான். குடத்தின் அளவைச் சரியாகப் பிடிப்பதில்தான் முதுகு ஒடிந்தது. சின்ன கெபாசிட்டர் போட்டால் குக்கருக்கு இன்னமும் துடித்தது. பெரியதாகப் போட்டால் பாப்பா அழுது ஓய்ந்து விரலைச் சப்ப ஆரம்பித்த பிறகு விளக்கு சாவகாசமாக எரிந்தது. எரிந்தது அணையாமலும் நின்றது. ரெசிஸ்டரை மாற்றி மாற்றிப் போட்டேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பிறகு அதையே தேடிக்கொண்டிருந்தேன். சூடு போட்டுக்கொண்டதில் இரண்டு விரல் இன்னும் எரிகிறது.

வியாழக்கிழமை சரியாக வந்துவிட்டது. ஆட்டோ போயிற்று, விளக்கு அசையவில்லை. ரேவதி வேண்டுமென்றே ஒரு தட்டைக் கீழே போட்டுப் பார்த்தாள், அசையவில்லை. பாப்பா பசிக்கு அழுதாள். இரண்டு மூச்சு அழுவதற்குள் விளக்கு மெதுவாகச் சிவந்து, நிதானமாக எரிந்து, அவள் வாயில் பால் போன பிறகு மெதுவாகவே அணைந்தது. அவ்வளவு அழகு. ரேவதியின் முகம் தெளிந்ததை நானே பார்த்தேன். சரி, தப்பித்தோம் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

உன் அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். விளக்கை அண்ணாந்து பார்த்தாள். கையைத் தட்டிப் பார்த்தாள். அவள் குரலின் அளவு அவளுக்குத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். ரகசியம் பேசினாலும் எதிர்வீட்டுக்குக் கேட்கும். "லைட்டு இன்னா ஆச்சு? செத்துப்போச்சா?" என்றாள். இல்லை, இனிமேல் குழந்தைக்கு மட்டும்தான் எரியும், மற்ற சத்தத்துக்கெல்லாம் மினுக்காது என்று பெருமையாகச் சொன்னேன். அவள் முகம் விழுந்துவிட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

பிறகு அவளே உட்கார்ந்து சொன்னாள். அந்த இரண்டு மூன்று நாளும் அவள் ஓடியது உண்மைதானாம், களைத்ததும் உண்மைதானாம். ஆனால் ஓடாத நேரத்தில் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவளே எண்ணினாளாம். பாங்கு சொல்லும்போது விளக்கு ஒரு மாதிரி நீண்டு நீண்டு எரியுமாம், பால்காரர் கூப்பிட்டால் இரண்டு வெட்டாம், கம்பெனி பஸ் என்றால் ஒரே நீளமாம். யாரும் இல்லாதபோது மைக்குக்குப் பக்கத்தில் நின்று உன் பெயரைச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். தன் குரல் வெளியே வருகிறது என்று கண்ணால் பார்த்தாளாம். நான் கஷ்டப்பட்டு உட்கார்ந்து அணைத்து வைத்தது அதைத்தான்.

அதே மூச்சில் அவள் கேட்டாள். "அன்னிக்கு மொகத்தத் திருப்பிக்கினு பேசினானே, இன்னா சொன்னான்?" என் வாய் பழக்கத்தில் போயிற்று. வெயில் ஜாஸ்தி, பாப்பாவுக்கு வேர்க்குரு வரும் என்று ஆரம்பித்தேன். என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள் பாதியில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"பொடவை நல்லா இருக்குதுன்னு சொன்னியே, அந்த மாதிரியா?"

அந்த மாமாவின் வாயை அன்றைக்கு அவள் நன்றாகவே பார்த்திருக்கிறாள். அந்தப் புடவையை அதற்கப்புறம் அவள் கட்டவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்யாணம் முடிந்து இத்தனை நாளாக அது பெட்டியில் கிடக்கிறது, நான் ஏன் என்று ஒரு தடவை கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. நீ சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொல்லிவிட்டேன். ரேவதி பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தாள். அவள் முகம் வெளுத்துப்போயிற்று.

உன் அம்மா கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் ரேவதியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "நீ பயந்தா அது தப்பில்லம்மா. எனக்கும் பயந்தான். யாராச்சும் என்னக் கேட்டீங்களா?" என்றாள். ரேவதி அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். அம்மாவால் முடியும் என்று நிரூபிக்க நான் சாலிடர் உருக்கிக்கொண்டிருந்தேன். அவளால் முடியாது என்று நீ முடிவு கட்டினாய். அவள் என்ன நினைக்கிறாள் என்று அப்பனும் கேட்கவில்லை, மகனும் கேட்கவில்லை. குழந்தையை அனுப்பவும் அவளுக்கு மனசில்லை, தனியாக வைத்துக்கொள்ளவும் தைரியமில்லை. அவ்வளவுதான் விஷயம். அதைச் சொன்னால் என் விளக்கு வீணாகிவிடுமே என்று எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். காது போன பிறகு அவள் என்னை நீங்க போட்டுக் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். அவ்வளவு நீளமாகப் பேச யாரால் முடியும் என்பாள். "காது நல்லா கேக்கற ஆம்பள ஒருத்தன் இந்த வூட்லதானே சோறு துன்றான்? அவன் காலைல எழுந்து எங்க போறான்?"

முதலில் சிரித்தது ரேவதிதான். நான் எங்கே போகிறேன் என்று உனக்குத் தெரியும். மோட்டார் வைண்டிங் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவேன். அங்கே எனக்கு வேலை எதுவும் இல்லை. பேப்பர் படிப்பேன், டீ குடிப்பேன், நாலு பேர் பேசுவதைக் கேட்பேன். அந்த நாலு பேர் பேச்சைக் கேட்கத்தான் இந்தக் காதை வைத்திருந்தேன் போலிருக்கிறது. பேரப்பிள்ளை அழுவதைக் கேட்க மைக் வாங்க வேலூர் போனேன். நீ சென்னையிலிருந்து குடியாத்தம் வரைக்கும் ஆள் தேடினாய். இதே வீட்டில் ஒருவன் வேலையில்லாமல் சும்மா இருப்பது உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பிள்ளை பார்ப்பது பெண்கள் வேலை என்று நாம் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே அப்படித்தான் வாழ்ந்திருக்கிறோம்.

"லைட்ட எனக்கு வுடு. கொழந்தைக்கு நீ இரு" என்றாள் உன் அம்மா.

அந்தக் கெபாசிட்டரை அன்று சாயங்காலமே கழற்றிவிட்டேன். விளக்கு பழையபடி எல்லாவற்றுக்கும் துடிக்கிறது. அவள் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து அதைப் பார்க்கிறாள். சில மினுக்கலுக்கு அதென்ன என்று என்னைக் கேட்கிறாள், நான் சொல்கிறேன். பாப்பா குடியாத்தம் போகவில்லை என்பது மட்டும் ரேவதி சொல்லி உனக்குத் தெரிந்திருக்கும். திங்கட்கிழமை ரேவதி பஸ் ஏறிப் போனாள், இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள், போய்விட்டாள். குளிப்பாட்டுவது, பால் புகட்டுவது எல்லாம் அம்மா. காது கொடுப்பதும் தூளி ஆட்டுவதும் நான். எனக்கு உடம்பு ஒத்துழைக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். முட்டி வலிக்கிறது, இடுப்பு பிடித்துக்கொள்கிறது. டேனரியில் டபுள் டூட்டி பார்த்தபோதுகூட இப்படி அசந்ததில்லை. இந்த அசதியைத்தான் உன் அம்மா உன்னை வளர்க்கும்போது பட்டிருக்கிறாள். நான் அப்போது வீட்டுக்கு வந்து சோறு எங்கே என்று கேட்டிருக்கிறேன்.

உனக்குச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. உன் வீட்டில் ஒரு சங்கடம் வந்தால் யாரை எங்கே அனுப்பலாம் என்று முதலில் யோசிக்காதே. உன் கை காலியாக இருக்கிறதா என்று பார். ரேவதியைப் பற்றிய விஷயத்தை ரேவதியிடம் கேள். அம்மாவைப் பற்றியதை அம்மாவிடம் கேள். வருகிற ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வந்து சேர். வந்ததும் உன் அம்மாவுக்கு நேராக உட்கார்ந்து, அவளுக்கு உன் வாய் தெரிகிற மாதிரி, நீ என்னிடம் சொன்னதை அவளிடமே சொல். அவள் திட்டினால் வாங்கிக்கொள். அன்று முழுக்கப் பாப்பா உன் பொறுப்பு. எனக்கு ஒரு நாள் படுத்துத் தூங்க வேண்டும்.

இன்னும் எழுதலாம் என்றிருந்தேன். தூளியில் அசைகிறாள். இதோ, அழ ஆரம்பித்துவிட்டாள். அடுப்படியில் உன் அம்மா விளக்கை நிமிர்ந்து பார்ப்பதற்குள் நான் எழுந்து போக வேண்டும்.

அப்பா